புதுப் பம்ப் போட்டும் ஸ்டீரிங் ஏன் கனக்கிறது?

மாணவர்களே, செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலையின் சரிவு மேடையை நோக்கிப் பின்னால் வருவதை எப்போதாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? ஜாசின், மெர்லிமாவ், அசஹான் பக்கம் இருப்பவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. முன் அச்சின்மேல் மட்டும் இரண்டு மூன்று டன் எடை அழுத்திக்கொண்டிருக்கும். டயர் மண்ணில் பதிந்திருக்கும். ஓட்டுநரோ ஒரு கையைச் சன்னலில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்டீரிங்கைச் சுழற்றிக்கொண்டிருப்பார். அந்த ஒரு கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உங்களில் பலர் “பவர் ஸ்டீரிங், சார்” என்று சொல்லிவிடுவீர்கள். பெயர் தெரிவது வேறு, அது வேலை செய்யாமல் போகும்போது ஏன் என்று கண்டுபிடிப்பது வேறு.

நான்காம் படிவத்தில் படிக்கும் என் மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து நின்றான். அவன் அப்பாவிடம் ஒரு பழைய லோரி இருக்கிறது. என்னைவிட வயதில் மூத்தது. சிறு தோட்டக்காரர்களிடம் குலை எடுத்து ஆலைக்குக் கொண்டுபோவதுதான் குடும்பத்தின் வருமானம். பவர் ஸ்டீரிங் பம்ப் ஒழுக ஆரம்பித்ததால் அதைக் கழற்றிவிட்டு, ஹாஃப்-கட் கடையில் அதே வகைப் பம்ப் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். போட்ட நாளிலிருந்து தொல்லை. முந்தின நாள் ஆலை வளாகத்தில் பின்னால் வரும்போது ஸ்டீரிங் திடீரெனப் பிடித்துக்கொள்ள, பின்சக்கரம் வடிகாலின் விளிம்புவரை போய்விட்டதாம்.

“பம்ப் புதுசுதானே சார், அப்புறம் ஏன்?” என்றான்.

லோரியை நிறுத்திப் போட்டுவிட்டு ஆற அமரப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. செம்பனைப் பழம் அடிபட்ட நொடியிலிருந்து அதற்குள் இருக்கும் லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலமாக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். லோரி நின்றால் பழத்தின் தரமும் விழும், கூலியும் விழும்.

அந்தச் சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். நான் போமன் இல்லை, ஆசிரியர்தான். ஆனால் அங்கே நடந்ததெல்லாம் உங்கள் பாடநூலுக்குள் இருப்பது.

பம்ப் என்ன செய்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடுவோம். “பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது” என்று எல்லாரும் சொல்வோம். உண்மையில் பம்ப் எண்ணெயை ஓட வைக்கிறது, அவ்வளவுதான். ஓடும் எண்ணெய்க்கு எதிர்ப்பு வரும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. தோட்டத்து ரப்பர் குழாயில் தண்ணீர் விடும்போது வாயைக் கட்டை விரலால் பாதி மூடிப் பாருங்கள். விரலுக்குள்ளே தெரிகிறதே, அந்த அழுத்தம் உங்கள் விரல் தந்த எதிர்ப்பால் வந்தது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கட்டுரையின் பிற்பகுதியில் வரும் முடிச்சு தானாக அவிழும்.

லோரியின் பம்புக்குள் ஒரு சுழலி இருக்கிறது. அதன் விளிம்பில் வெட்டிய பள்ளங்களில் சின்னச் சின்ன உலோகத் தகடுகள் நிற்கின்றன. சுழலி சுற்றும்போது தகடுகள் வெளியே தள்ளப்பட்டு, சுற்றியிருக்கும் முட்டை வடிவ வளையத்தைத் தொட்டுக்கொண்டே ஓடும். வளையம் அகன்ற இடத்தில் எண்ணெய் உள்ளே வரும், குறுகும் இடத்தில் வெளியே பிதுங்கும். சுழலியைச் சுற்றுவது எஞ்சின். இரண்டையும் இணைப்பது பெல்ட்டும் புல்லியும், அதாவது நீங்கள் படிக்கும் கப்பி.

வெளியேறிய எண்ணெய் ஸ்டீரிங் பெட்டிக்குப் போகிறது. ஸ்டீரிங் நேராக இருந்தால் அங்கே உள்ள வால்வு எல்லாப் பக்கமும் திறந்தே இருக்கும். எண்ணெய் சுற்றிக்கொண்டு கலனுக்கே திரும்பிவிடும், அழுத்தம் ஏறாது. ஓட்டுநர் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது ஒரு மெல்லிய முறுக்குத் தண்டு சிறிது முறுக்கிக்கொள்ளும். அந்தச் சின்ன முறுக்கு வால்வை நகர்த்தும். எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் போய் அதைத் தள்ளும், பிஸ்டன் சக்கரத்தைத் திருப்பும்.

தள்ளும் விசை எவ்வளவு? இப்படிப்பட்ட லோரியில் அழுத்தம் 100 பார் வரை போகலாம். காரின் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். 100 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 1,000 நியூட்டன். பிஸ்டனின் விட்டம் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 50,000 நியூட்டன். ஏறக்குறைய 5 டன் எடைக்குச் சமம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் சொன்ன விதிதான் இது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும். ஐந்தாம் படிவ இயற்பியலில் ‘பிரின்சிப் பாஸ்கல்’ என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அதேதான்.

இதை வண்டியில் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லோரிப் பிரிவில் வேலை பார்த்தவர். கனரக லோரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை நேரில் கண்டவர். வேலையை விட்டு வெளியே வந்து, 1926-இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீரிங்கை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். செலவு அதிகம் என்று கார் நிறுவனங்கள் தயங்கின. இரண்டாம் உலகப் போரில் கனமான இராணுவ வாகனங்களுக்கு அது தேவைப்பட்டது. பொதுமக்கள் வாங்கும் காரில் வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். கால் நூற்றாண்டு காத்திருப்பு! ஆக இது சொகுசுக் காருக்காகப் பிறந்தது என்று நினைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், லோரி ஓட்டுநரின் தோள்வலியில் பிறந்தது.

சிராப் பண்டுங்

லோரிக்குத் திரும்புவோம். எஞ்சினை முடுக்கியதும் பம்ப் நாய்க்குட்டிபோல் முனகியது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் முனகல் ஊளையாக மாறியது. கலனின் மூடியைத் திறந்தேன். இந்த லோரியில் ஊற்றுவது ஏடிஎஃப் எனப்படும் சிவப்பு எண்ணெய். தெளிந்த சிவப்பாகத் தெரிய வேண்டியது, நோன்புச் சந்தையில் விற்கும் சிராப் பண்டுங் மாதிரி இளஞ்சிவப்பாக நுரைத்துக்கொண்டிருந்தது.

நுரை என்றால் காற்று. காற்று ஏன் கெடுதல்? எண்ணெயை 100 பாரில் அழுத்தினாலும் அதன் கனஅளவு ஒரு விழுக்காடுகூடக் குறையாது. அதனால்தான் அது விசையை அப்படியே கடத்துகிறது. காற்றோ பாய்ல் விதிக்குக் கட்டுப்பட்டது. அதே அழுத்தத்தில் அது நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பம்ப் தள்ளும் எண்ணெய் முதலில் குமிழிகளை நசுக்குவதில் செலவாகிறது, சக்கரத்துக்குப் போக வேண்டியது வழியிலேயே தீர்ந்துபோகிறது. குமிழிகள் பம்புக்குள் சட்டென நசுங்கும் ஓசைதான் அந்த முனகல். அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் உலோகப் பரப்பும் அரித்துப்போகும்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத இரண்டு பிளாஸ்டிக் ஊசிக்குழல்கள், ஒன்று 5 மில்லிலிட்டர், மற்றொன்று 20 மில்லிலிட்டர். நடுவே மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாய். முழுவதும் தண்ணீர் நிரப்பிச் சின்னதை அழுத்தினால் பெரியது உடனே நகரும். நண்பனைப் பெரியதைக் கட்டை விரலால் தடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், தோற்றுப்போவான். பிறகு பாதிக்குழாயில் காற்றை விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். பஞ்சை அழுத்துவதுபோல் இருக்கும்.

சரி, காற்று எப்படி உள்ளே போகிறது? “எங்கயும் ஒழுகலையே வாத்தியாரே,” என்றார் அவன் அப்பா. அவர் சொன்னது சரி. லோரியின் அடியில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் கலனிலிருந்து பம்புக்கு வரும் குழாய் உறிஞ்சும் பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. இணைப்பு தளர்ந்திருந்தால் எண்ணெய் வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே தள்ளப்படும். வெடித்த ஸ்ட்ராவில் தேநீர் குடித்துப் பாருங்கள். தேநீர் கீழே சிந்தாது, வாய்க்குள் காற்றுதான் வரும்.

சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அல்ல, நிறுத்திவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை அப்பினோம். மறுபடி முடுக்கினோம். சில விநாடிகளில் முனகல் இறங்கியது. பழுது அங்கேதான். குழாயின் ரப்பர் காய்ந்து கட்டையாகிப்போயிருந்தது, கிளிப் இறுக்கியும் பயனில்லை. பம்பை மாற்றியவர்கள் குழாயைப் பழையதே போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

புதுக் குழாய், புதுக் கிளிப். பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். முன் அச்சைத் தூக்கி, தாங்கிகளின்மேல் உறுதியாக நிறுத்தி, எஞ்சினை முடுக்காமல் ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தார் அண்ணன். மகன் எண்ணெய் இறங்க இறங்க ஊற்றினான். இருபது தடவை திருப்பியிருப்பார். பிறகுதான் எஞ்சினைத் தொட்டோம். சத்தமே இல்லை. எல்லாரும் சிரித்தோம். எனக்குப் பசியாறக்கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுபடியும்

செவ்வாய்க்கிழமை அதே மாணவன், அதே முகம். “சத்தம் போயிடுச்சு சார். ஆனா இன்னும் பிடிக்குது.”

இதற்கிடையில் அப்பா லோரியை டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே அழுத்தமானியை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டீரிங்கைக் கோடிவரை திருப்பியபோது 100 பார் காட்டியது. “பம்ப் நல்லா இருக்கு, ஸ்டீரிங் பாக்ஸ்தான் போச்சு, மாத்தணும்” என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியின் விலை பம்பைப்போல் பல மடங்கு. அந்த மாதக் கூலியில் பெரும்பகுதி.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எப்போதும் கனக்கிறதா, சில நேரம் மட்டுமா?

பையன் யோசித்தான். “மெதுவா திருப்பினா லேசாத்தான் சார் இருக்கு. அவசரமா சுத்தினாதான் பிடிக்குது. எண்ணெய் மிதிச்சா அதுவும் சரியாயிடுது.”

இதைவிட நல்ல அவதானிப்பை நான் ஆய்வுக்கூட அறிக்கைகளில் அதிகம் பார்த்ததில்லை. அழுத்தம் போதவில்லை என்றால் மெதுவாகத் திருப்பினாலும் கனக்க வேண்டும். வேகமாகத் திருப்பும்போது மட்டும் கனக்கிறது என்றால் குறைவது பாய்வு. பிஸ்டன் நகர நகர, அது விட்டுப்போன இடத்தை எண்ணெய் நிரப்பியாக வேண்டும். நிரப்ப எண்ணெய் வந்து சேராவிட்டால் உதவி அங்கேயே அறுந்துவிடும், கை நேரடியாகச் சக்கரத்தோடு மல்லுக்கு நிற்கும். பட்டறையில் அழுத்தமானி காட்டியதும் பொய் இல்லை. கோடியில் பிடித்துக்கொண்டிருக்கும்போது பிஸ்டன் நகர்வதில்லை, பாய்வு கொஞ்சம் இருந்தாலே அழுத்தம் முழுதாக ஏறிவிடும். அவர்கள் அளந்தது ஒன்று, குறைந்தது வேறொன்று.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஸ்டீரிங் ஒரு சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் 1.5 சென்டிமீட்டர் நகர்வதாக வைத்துக்கொண்டோம். பரப்பு 50. எனவே ஒரு சுற்றுக்கு 75 கன சென்டிமீட்டர் எண்ணெய் வேண்டும். அவசரத்தில் ஓட்டுநர் விநாடிக்கு ஒன்றரைச் சுற்று திருப்புவார். அப்படியானால் நிமிடத்துக்குச் சுமார் 6.75 லிட்டர். பம்ப் ஒரு சுழற்சிக்கு 10 கன சென்டிமீட்டர் தள்ளுகிறது, எஞ்சின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 700 சுழற்சி, பம்பும் அதே வேகத்தில் சுற்றுகிறது என்று எடுத்துக்கொண்டால் கிடைப்பது 7 லிட்டர். போதும், ஆனால் மட்டுமட்டாகத்தான் போதும். இந்த எண்களில் சில என் அனுமானம்தான் என்றாலும், எங்கே தேட வேண்டும் என்று அவை காட்டிவிட்டன. பம்ப் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலே பற்றாக்குறை வந்துவிடும்.

மெதுவாகச் சுற்ற என்ன காரணம் இருக்கலாம்? பெல்ட் வழுக்கலாம். அண்ணன் கட்டை விரலால் அழுத்திக் காட்டினார், இறுக்கம் சரி, கீச்சொலியும் இல்லை. உள்ளே தகடுகள் தேய்ந்திருக்கலாம். அதைப் பார்க்க பம்பைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால், பிரிக்காமலே பார்க்கக்கூடியது ஒன்று மிச்சம் இருந்தது. கொட்டகையில் கிடந்த பழைய பம்பை எடுத்துவரச் சொன்னேன். அதன் புல்லி இன்னும் அதன்மேல்தான் இருந்தது. பையன் பள்ளிப் பையிலிருந்து அளவுகோலை எடுத்தான்.

பழைய புல்லி 12 சென்டிமீட்டர். புதுப் பம்போடு வந்த புல்லி 16.

யாரும் சில நொடி பேசவில்லை. எஞ்சின் பக்கத்துப் புல்லியையும் அளந்தான், அதுவும் 12. பழையபடி இருந்தவரை எஞ்சின் ஒரு சுற்று, பம்ப் ஒரு சுற்று. இப்போது பம்ப் சுற்றுவது 12/16, அதாவது முக்கால் சுற்று. 700 என்பது 525 ஆகிவிட்டது. 7 லிட்டர் 5.25 லிட்டர் ஆகிவிட்டது. விநாடிக்கு 1.17 சுற்றுக்குமேல் திருப்பினால் எண்ணெய் போதாது. எண்ணெய் மிதித்தால் ஏன் சரியாகிறது என்பதற்கு இனி விளக்கம் தேவையில்லை. அந்தப் பம்ப் முன்பு இருந்த லோரியில் எஞ்சின் பக்கத்துப் புல்லி பெரியதாக இருந்திருக்கும், அங்கே 16 சரியான அளவு. பம்பில் தவறில்லை, விற்றவர்மீதும் குறை சொல்ல முடியாது. புல்லியோடு சேர்ந்து வந்ததை யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆரம்பப்பள்ளியிலேயே தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று எழுதி எழுதிச் சலித்திருப்பீர்கள். பம்பை மாற்றியபோது ஒன்றைத்தான் மாற்றினோம் என்று எல்லாரும் நினைத்தார்கள். மாறியது இரண்டு.

புல்லியை மாற்றும்போது போமன் ஒருவரை அழைத்துக்கொண்டோம். அதைச் சுத்தியலால் தட்டி எடுக்கக் கூடாது. அடி அச்சு வழியாக உள்ளே போய்த் தகடுகளையும் தாங்கியையும் கெடுக்கும். புல்லர் என்ற இழுவைக் கருவியால் மெல்ல இழுத்து எடுத்தார். 12 சென்டிமீட்டர் புல்லி ஏறியது. அதற்கு ஏற்ற பெல்ட்டும் வாங்கினோம். விலை பெட்டியின் பக்கத்தில்கூட வராது.

விடுமுறையில் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எண்ணெய் எங்கே கசிகிறது என்று தேட, எஞ்சின் ஓடும்போது கையால் குழாயைத் தடவாதீர்கள். 100 பாரில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த புள்ளிபோல் இருக்கும், பெரிதாக வலிக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கும். விரலையே எடுக்க நேர்ந்திருக்கிறது. அட்டைத் துண்டைக் காட்டித்தான் கசிவைத் தேட வேண்டும். அப்படி ஏதாவது பட்டுவிட்டால் மருந்து தடவிக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அன்று மாலை லோரியைத் தோட்டத்து மண்பாதையில் நிறுத்தி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, அண்ணன் ஸ்டீரிங்கை வேகமாகச் சுழற்றினார். மகன் கைப்பேசியில் நேரம் பார்த்தான். விநாடிக்கு ஒன்றரைச் சுற்று. பிடிக்கவில்லை.

கோடிக்கு வந்ததும் பெட்டிப் பக்கமிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அண்ணன் முகம் மாறிவிட்டது. அது பழுது இல்லை என்று விளக்கினேன். பிஸ்டன் இனி நகர இடமில்லாதபோது அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க, பம்புக்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வு திறந்து எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. அந்த நேரத்தில் எஞ்சின் தரும் ஆற்றல் முழுவதும் எண்ணெயைச் சூடாக்குவதில் போகும். 100 பார், நிமிடத்துக்கு 7 லிட்டர் என்று பெருக்கினால் 1,100 வாட்டுக்குமேல் வரும், சின்ன மின்கெண்டி ஒன்றைக் கலனுக்குள் போட்டதுபோல. சில விநாடிக்குமேல் அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது.

போன வாரம் ஆலை வாசலில் அந்த லோரியைப் பார்த்தேன். பின்னால் வந்துகொண்டிருந்தது. கோடிவரை திருப்பியதும், ‘உஸ்ஸ்’ கேட்ட மறுகணமே அண்ணன் ஸ்டீரிங்கை ஒரு விரலளவு திருப்பிவிட்டார். பக்கத்து இருக்கையில் மகன் கைவிரல்களை மடக்கி விநாடி எண்ணிக்கொண்டிருந்தான்.